உரைகல் அறியாத வைரம்

மங்கலம்பேட்டையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலை விருத்தாசலத்தைச் சென்றடைகிறது. திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் அத்தலத்தில் பழமலைநாதர் எழுந்தருளியிருக்கிறார். அருகே மணிமுத்தாறு ஓடுகிறது. மாசி மகத்தன்று அவ்வாற்றில் நீராடி இறைவனைத் தொழச் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் திரள்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதே ஆற்றோடு தொடர்புடைய சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது.

சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பாடி 12,000 பொன் பெற்றார். அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு இறைவன் பணித்தருளினான். பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன்பு, அதிலிருந்து சிறு துண்டு ஒன்றை மச்சமாக வெட்டிச் சுந்தரர் தம்மிடம் வைத்துக்கொண்டார். மச்சம் என்பது மாதிரிக்காக எடுத்துவைக்கும் துண்டு. திருவாரூரில் குளத்திலிருந்து கிடைத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டபோது மாற்றுக் குறைந்து காணப்பட்டது. மீண்டும் பாடி, மாற்றுச் சரியான பின்னரே அவர் மனநிறைவு கொண்டார். மாற்றுரைத்த விநாயகர் இன்றும் கமலாலயக் கரையில் அருள்பாலிக்கிறார். கொடுத்தவன் இறைவனே ஆயினும் பொன்னை உரைத்துப் பார்ப்பதில் அந்த அடியார் தவறு காணவில்லை. ஆராய்ந்து ஏற்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

பொன்னுக்கு உரைகல் உண்டு. வைரத்திற்கு அது உதவாது. உலகில் இயற்கையாகக் கிடைக்கும் பொருள்களில் மிகக் கடினமானது வைரமே ஆதலால், அதை உரைத்தால் உரைகல்தான் கீறுபடும். ஆகவே பல வீடுகளில் வைரம் நம்பிக்கையின் பேரிலேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. பாட்டியின் ஏழுகல் தோடு, மாமியாரின் எட்டுக்கல் பேசரி, திருமணத்தின்போது தாய்வீட்டார் போட்ட ஒற்றைக்கல் மூக்குத்தி ஆகியவை பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றின் எடை என்ன, தரம் என்ன, இன்றைய மதிப்பு என்ன என்று கேட்டால் விடை சொல்வோர் அரியர். பேத்திகளுக்குப் பங்கிட வேண்டிய நாளிலோ, அம்பாளுக்குச் சாத்த விரும்பும் நாளிலோதான் அக்கேள்வி எழுகிறது. அப்போது அறியாமை பெரும் இழப்பாகவும் மனத்தாங்கலாகவும் முடிகிறது.

நிலத்தடியில் பிறந்த மணி

நிலக்கரிதான் காலப்போக்கில் வைரமாக மாறுகிறது என்பது பலரும் சொல்லக் கேட்ட செய்தி. விருத்தாசலத்திற்குக் கிழக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்கப்படுகிறது. அக்கரியிலும் வைரத்திலும் அடிப்படைப் பொருள் கரிமம் ஒன்றே என்பது உண்மை. பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் 1772ஆம் ஆண்டில் வைரத்தை எரித்துச் சோதனை செய்தார். 1797இல் ஆங்கிலேய அறிஞர் சிமித்சன் டென்னன்ட், வைரம் தூய கரிமமே என்று நிறுவினார். ஆயினும் நெய்வேலிக் கரி எத்தனை ஊழி காத்திருந்தாலும் வைரமாகாது. நிலக்கரி, மண்ணில் புதைந்த மரஞ்செடிகளிலிருந்து உண்டானது. வைரங்களிற் பெரும்பாலானவையோ 100 கோடி முதல் 300 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. நிலத்தில் மரம் என்ற ஒன்று தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவானவை.

அவை பிறந்த இடம் பூமியின் மேற்பரப்பிலிருந்து 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழம். அங்கே வெப்பம் ஏறத்தாழ 900 முதல் 1,300 டிகிரி செல்சியஸ். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளும் 1,000 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில்தான் களிமண்ணைப் பீங்கானாக்குகின்றன. எனவே வெப்பம் மட்டும் வைரத்தை உண்டாக்கிவிடாது என்பது விளங்கும். மேலே சுமந்திருக்கும் பாறைகளின் அழுத்தம் அவ்வாழத்தில் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 50,000 மடங்கு ஆகிறது. அவ்வழுத்தமும் வெப்பமும் சேர்ந்தே கரிம அணுக்களை நெருக்கிப் பிணைத்து வைரமாக்குகின்றன. பின்னர் ஆழத்திலிருந்து எழுந்த எரிமலைக் குழம்பு அவற்றை மேலே கொண்டுவந்தது. அக்குழம்பு உறைந்த பாறைக்குத் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரை ஒட்டிக் கிம்பர்லைட் என்று பெயர்.

அத்தகைய பாறை ஆந்திரத்தின் அனந்தபூர்ப் பகுதியில் வஜ்ரகரூரில் உள்ளது. மழை பாறையை அரித்துக் கற்களை வயல்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் சேர்த்தது. இன்றும் மழைக்காலம் தொடங்கியதும் அனந்தபூர், கர்னூல் பகுதி வயல்களில் மக்கள் குனிந்து வைரம் தேடுவது வழக்கம். கிருஷ்ணை ஆற்றங்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து கிடைத்த கற்கள் கோல்கொண்டாச் சந்தையில் விலையாயின. கோகினூர் வைரமும் அப்பகுதியில் பிறந்ததே என்பர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும் வரை, உலகிற்கு வைரம் வழங்கிய நாடு பெரும்பாலும் பாரதமே.

கல்வெட்டில் எழுதிய குற்றங்கள்

வைரத்தின் தரத்தை ஆராயும் கலை மேலைநாட்டார் கற்றுத்தந்தது என்று எண்ணுதல் பொருந்தாது. வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் வைரத்தின் இலக்கணம் கூறும் பகுதி உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரையின் மணி வணிகர் வீதியை வருணிக்கும் இளங்கோவடிகள், காக்கையின் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு ஆகிய நான்கு குற்றங்களும் அற்ற வைரத்தைக் குறிப்பிடுகிறார்.

இவற்றினும் வியப்பானது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. 1010ஆம் ஆண்டளவில் கோயிலை எழுப்பி முடித்த முதலாம் இராசராச சோழன், இறைவனுக்கு அளித்த அணிகலன்களைத் தனித்தனியே கல்லில் வெட்டுவித்தான். அவன் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் அளித்த நகைகளும் அவ்வாறே பதிவாயின. ஒவ்வோர் அணிகலனிலும் எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து என்ற கணக்கு அங்கே உண்டு. பொன் நிறுக்க ஆடவல்லான் என்னும் கல், நகை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல் என இறைவன் பெயராலேயே எடைக்கற்கள் வழங்கின. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுட்பமாக நிறையும், காசுக் கணக்கில் விலைமதிப்பும் எழுதப்பட்டன.

அத்தோடு நில்லாது, வைரங்களில் இருந்த குறைகளையும் அரசன் மறைக்காது எழுதச் செய்தான். செம்புள்ளியாகிய இரத்தபிந்து, கரும்புள்ளியாகிய காகபிந்து, முறிவு, வெந்த அடையாளம் ஆகியவை உள்ள கற்களும் அவற்றில் அடங்கும் என்று கல்வெட்டு வெளிப்படையாகக் கூறுகிறது. பேரரசன் தன் இறைவனுக்கு அளித்த காணிக்கையில் கரும்புள்ளி உள்ள வைரமும் இருந்தது. அதைச் சொல்ல அவன் நாணவில்லை. குறையைப் பதிவு செய்ததால் காணிக்கையின் பெருமை குன்றவும் இல்லை. பின்வருவோர் எவரும் நல்ல கல்லை எடுத்துத் தாழ்ந்த கல்லை வைத்துவிடாதபடி அப்பதிவே காவலாக நின்றது.

தரம் காட்டும் நான்கு அளவுகள்

இன்று உலகெங்கும் வைரத்தை எடை, நிறம், தெளிவு, பட்டை என்னும் நான்கு அளவுகளால் மதிப்பிடுகின்றனர். 1931இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஜி.ஐ.ஏ. என்னும் மணியியல் நிறுவனம் இம்முறையை வகுத்துப் பரப்பியது.

முதலாவது எடை. வைரத்தின் எடை அலகு காரட். ஒரு காரட் 200 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கை நகைக்கடையில் சென்ட் என்பர். 22 காரட் தங்கம் என்னும்போது காரட் என்பது பொன்னின் தூய்மையைக் குறிக்கும். வைரத்தில் அதே சொல் எடையைக் குறிக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர் பலர். மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரே தரமுள்ள கற்களாயினும், ஒரு காரட் எடையுள்ள ஒற்றைக்கல்லின் விலை, பத்துப் பத்து சென்ட் எடையுள்ள பத்துக் கற்களின் மொத்த விலையைவிட மிகுதி. பெரிய கல் அரிது என்பதே காரணம். ஆகவே ஏழுகல் தோட்டின் மொத்த எடையை மட்டும் கேட்டு, ஒற்றைக்கல் தோட்டோடு ஒப்பிடுதல் தவறான கணக்காகும்.

இரண்டாவது நிறம். நிறமே இல்லாத வைரம் உயர்ந்தது. ஆங்கில எழுத்துகளில் டி என்பது நிறமற்ற நிலை. அதிலிருந்து இசட் வரை செல்லச் செல்ல மஞ்சள் சாயல் கூடும். கல்லில் கலந்துள்ள நைட்ரஜனே மஞ்சளுக்குக் காரணம். தமிழகத்துக் குடும்பங்களில் ‘ப்ளூ ஜாகர்’ வைரம் என்ற பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. தென்னாப்பிரிக்காவின் யாகர்சுபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அச்சுரங்கத்துக் கற்கள் சில, கதிரவன் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் மெல்லிய நீலம் வீசின. அந்த நீல ஒளி சில வேளைகளில் மஞ்சள் சாயலை மறைத்துவிடும். எனவே பகலொளியில் ஒருமுறையும் விளக்கொளியில் ஒருமுறையும் கல்லைப் பார்ப்பது நல்லது. ப்ளூ ஜாகர் என்ற பெயர் மட்டுமே தரச்சான்று ஆகாது.

மூன்றாவது தெளிவு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியின் வழியே பார்த்து, உள்ளே புள்ளி, கீற்று, மேகம் போன்றவை உளவா என்று ஆராய்வர். தஞ்சைக் கல்வெட்டின் காகபிந்துவும் இரத்தபிந்துவும் இந்த வகையைச் சேர்ந்தவையே. வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிறு புள்ளி அழகைக் கெடுப்பதில்லை. விலையை மட்டும் குறைக்கும். எங்கு, எத்தகைய புள்ளி உள்ளது என்பது அக்கல்லை அடையாளம் காணவும் பயன்படும்.

நான்காவது பட்டை. ஒளியை வைரம் தானாக உண்டாக்குவதில்லை. உட்புகுந்த ஒளியை உள்ளேயே எதிரொலிப்பதுபோல் பிரதிபலித்துக் கண்ணை நோக்கித் திருப்புகிறது. பட்டைகளின் சாய்வு சரியாக இருந்தால் ஒளி மேல்வழியே திரும்பும். தவறினால் அடிவழியே கசிந்து கல் மங்கும். வட்ட வடிவக் கல்லில் வழக்கமாக 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். அவற்றின் சாய்வுக் கணக்கை 1919இல் மார்செல் டோல்கோவ்சுகி என்பவர் நூலாக வெளியிட்டார். கன்னியாகுமரி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கென மயங்கிக் கப்பல்கள் கரை நோக்கி வந்தன என்று வழங்கும் செவிவழிச் செய்தி, நல்ல மணி சிறு தீபச்சுடரையும் எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்பதை நினைவூட்டுகிறது.

பட்டை தீட்டும்போது எடை குறையும். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், கொல்லூரில் கிடைத்த 410 காரட் வைரக்கல்லை 48,000 வராகன் கொடுத்து வாங்கினார். இலண்டனில் பட்டை தீட்டியபின் எஞ்சியது ஏறத்தாழ 140 காரட்டே. ஆயினும் 1717இல் பிரான்சு நாட்டு ஆட்சியாளர் அதைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கினார். இன்று பாரீசு லூவர் அருங்காட்சியகத்தில் அது விளங்குகிறது. மூன்றில் இரண்டு பங்கை இழந்து மதிப்பைப் பெற்ற மணி அது.

இயற்கையும் செயற்கையும்

வைரத்தைப் போன்று தோன்றும் பொருள்கள் வேறு; மனிதர் உண்டாக்கிய வைரம் வேறு. இவ்வேறுபாடு தெரியாமல் ஏமாறுவோர் மிகுதி. அமெரிக்கன் டைமண்ட் என்று வழங்கும் கல் பெரும்பாலும் சிர்க்கோனியாவே; வைரத்திற்கும் அதற்கும் பொருளளவில் உறவே இல்லை. திருச்சி வட்டாரத்தில் குடிசைத்தொழிலாகப் பட்டை தீட்டப்பெற்று வந்த செயற்கைக் கற்களும் இவ்வகையினவே. விலை குறைந்த அழகிய அணியாக அறிந்து அணிந்தால் அதில் குற்றமில்லை. வைரம் என்று சொல்லி விற்றால்தான் குற்றம்.

ஆய்வுக்கூட வைரம் என்பது உண்மையான வைரமே. பூமியின் ஆழத்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் எந்திரத்தில் உண்டாக்கியோ, கரிம வாயுவிலிருந்து படலம் படலமாக வளர்த்தோ அதைச் செய்கின்றனர். 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் இதில் வெற்றி கண்டனர். பாரதத்தில் சூரத் நகரம் இத்தொழிலில் முன்னணியில் நிற்கிறது. இதற்கான ஆராய்ச்சி மையம் அமைக்கச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 243 கோடி ரூபாய் வழங்க மத்திய அரசு 2023இல் முடிவு செய்தது. வெறுங்கண்ணால் மட்டுமன்றிச் சாதாரண லென்ஸாலும் இதை இயற்கை வைரத்திலிருந்து பிரித்தறிய இயலாது. விலையோ இயற்கைக் கல்லின் விலையில் ஒரு சிறு பங்கே. உற்பத்தி பெருகப் பெருக அதுவும் குறைந்து வருகிறது. கடைக்காரரின் பேனாச் சோதனைக் கருவி, வெப்பம் கடத்தும் தன்மையைக் கொண்டு வைரமா அன்றா என்று மட்டும் கூறும். இயற்கையா செயற்கையா என்று அது கூறாது. அதற்கு ஆய்வகச் சான்று ஒன்றே வழி.

பொன்னில் காணும் ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியீடும் பொன்னின் தூய்மையை மட்டுமே உறுதி செய்கின்றன. அதில் பதித்த கல்லுக்கு அம்முத்திரை பொறுப்பேற்பதில்லை. கல்லுக்கெனத் தனிச் சான்றிதழ் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

வைரம் தோஷம் உடையதா, ராசியானதா என்று அறியச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்து வாங்குவது முன்னோர் வழக்கம். அவசரப்படாது ஆராய அவ்வழக்கம் இடம் தந்தது. அந்நாள்களிலேயே கல்லை ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதித்துக்கொண்டால் இரு பயனும் கைகூடும்.

காப்பும் பங்கீடும்

பழைய தோடு மங்கிவிட்டது என்று வருந்தி விற்றுவிடும் முதியோர் உண்டு. வைரத்திற்கு எண்ணெய்ப்பசையை ஈர்க்கும் இயல்பு உண்டு. எண்ணெய் முழுக்கும் மஞ்சளும் தோட்டின் பின்புறத்தில் படிந்து ஒளியை மறைக்கும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு கலந்து மெல்லிய தூரிகையால் துடைத்தால் பெரும்பாலும் ஒளி மீளும். அரக்கு வைத்து மூடிக் கட்டிய பழைய நகையாயின் நீரில் இடாமல் பொற்கொல்லரிடம் கொடுத்தல் நலம். கடினமானதாயினும் ஓங்கி அடித்தால் வைரம் பிளக்கும். மிகுந்த தீயில் வெந்து வெளுக்கும். பழுது பார்க்கும்போது கல்லின் மேல் நெருப்புப் படாமல் காக்கும்படி சொல்லுதல் தகும். மற்ற நகைகளோடு உராய்ந்தால் அவற்றைக் கீறிவிடும் ஆதலால் தனிச் சிமிழில் வைக்க வேண்டும்.

வைர நகையைப் பங்கிட நினைக்கும் பெற்றோர், அதை விலைக்கு வாங்க விரும்பாத ஒருவரிடம் மதிப்பிடச் செய்வது முறை. வாங்க விரும்புவோர் விலையைக் குறைத்தே கூறுவர். கல்லின் எண்ணிக்கை, எடை, நிறம், தெளிவு, குறை ஆகியவற்றை எழுதி, நிழற்படத்தோடு சேர்த்துப் பிள்ளைகள் அனைவரும் அறிய வைத்தல் நன்று. ஏழு கல்லையும் பிரித்தால் மதிப்பும் அழகும் குறையும். தோட்டை ஒருவர் எடுத்துக்கொண்டு, மற்றவருக்கு ஈடான பொன்னோ பணமோ தருவது பலருக்கும் பொருந்தும். கோயிலுக்கு அளிப்பதாயின், கற்களின் விவரமும் எடையும் குறித்த இரசீதைக் கேட்டுப் பெறுதல் அன்பரின் உரிமை. இராசராசன் கல்லில் வெட்டியதைத்தான் அவர் தாளில் கேட்கிறார்.

தமிழில் வயிரம் என்னும் சொல்லுக்கு மணி என்றும் பொருள் உண்டு. முதிர்ந்த மரத்தின் உள்ளுறுதி என்றும் பொருள் உண்டு. தீராப் பகை என்றும் பொருள் உண்டு. எத்தனையோ குடும்பங்களில் தாய் கழற்றிவைத்த தோடு, உடன்பிறந்தாரிடையே மூன்றாவது பொருளை விளைத்திருக்கிறது. ஒரே தாயின் வயிற்றில் பிறந்த இருவர், ஒரு தோட்டின் விலை எவ்வளவு என்று தெரியாத காரணத்தால் இருபது ஆண்டுகள் பேசாதிருப்பது வருந்தத்தக்கது. தாய் உயிரோடு இருக்கும்போதே நகையை வெளியில் எடுத்து, அதன் தரத்தை உள்ளபடி எழுதி, அனைவர் முன்னும் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டால் அப்பகைக்கு இடமில்லை. அடுத்த மாசி மகத்திற்குத் தோட்டைத் துடைத்து அணியும் மூதாட்டியர், அன்று மாலையே அதைச் செய்து முடிக்கலாம். பழமலைநாதர் அருளால் மணியும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.